பிட்மனின் பென்சிலும் எலிஸின் காதும்

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் படியேறிய எவருக்கும் பிட்மன் என்ற பெயர் தெரிந்திருக்கும். லோயர், ஹையர் முடித்த கையோடு ஷார்ட்ஹேண்டிலும் சேர்ந்துவிட்டால் ஏதாவது ஓர் அலுவலகத்தில் ஸ்டெனோவாக உட்கார்ந்துவிடலாம் என்று வீட்டில் சொல்லி அனுப்புவார்கள். நானும் அப்படிப் போனவன்தான். அந்தக் கோடுகளும் கொக்கிகளும்தான் எனக்குச் சம்பளம் வாங்கிக் கொடுத்தன. ஆனால் அவற்றை உருவாக்கிய ஐசக் பிட்மனுக்குச் சுருக்கெழுத்து பாதி வேலைதான். வாழ்நாள் முழுக்க அவர் ஆசைப்பட்டது இன்னொன்றுக்கு. ஆங்கிலத்தின் ஸ்பெல்லிங்கையே கலைத்துவிட்டு, வாய் சொல்வதை அப்படியே கை எழுதும்படி செய்ய வேண்டும் என்பது அவர் கனவு. அது நிறைவேறவில்லை. ஆனால் அந்தக் கனவின் வழியில் என்னென்ன பிறந்தன என்று தேடிப் படிக்கத் தொடங்கியபோது, நான் பிழைத்த தொழிலின் மேலேயே புதிதாக ஒரு மரியாதை வந்தது.

பிட்மன் முறையில் முதல் வாரத்தில் மறக்க வேண்டியது ஸ்பெல்லிங். முழங்காலுக்கு ஆங்கிலத்தில் ‘நீ’ என்கிறோம். எழுதும்போது முன்னால் ஒரு கே. எங்கள் சார் சொல்வார்: “கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிப் பாருப்பா. கே எங்கயாச்சும் காதுல விழுதா? விழலைல்ல? அப்ப எழுதாதே.” அந்தச் சொல்லுக்கு ஒரு வளைவு, பக்கத்தில் ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

பென்சிலை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதில்தான் அந்த முறையின் உயிர் இருக்கிறது. ‘பம்பரம்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் பகரம் தொண்டை அதிராமல் வருகிறது. இரண்டாவது அதிர்வோடு வருகிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து போதும். சொல்லின் முதலிலா, மெல்லெழுத்தை அடுத்தா என்ற இடமே ஒலியைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அப்படி முடியாது. ‘பேக்’ என்றால் மூட்டை கட்டுவதா, முதுகா என்று முதல் ஒலிதான் முடிவு செய்யும். பிட்மன் என்ன செய்தார்? இரண்டுக்கும் ஒரே சாய்கோட்டைக் கொடுத்தார். அதிராத ஒலிக்கு மெல்லிய கோடு, அதிரும் ஒலிக்கு அதே கோட்டை அழுத்தி எழுத வேண்டும். த-வகை ஒலிகளுக்கும் க-வகை ஒலிகளுக்கும் இதே விதி. வாயில் ஒரே இடத்தில் பிறக்கும் இரண்டு ஒலிகள் தாளிலும் ஒரே வடிவில் பிறந்தன. சாதாரண ஆங்கில நெடுங்கணக்கில் பி என்ற எழுத்துக்கும் டி என்ற எழுத்துக்கும் அவற்றின் ஒலிக்கும் எந்த உறவும் இல்லை. பிட்மனின் கோடுகளில் அந்த உறவு கண்ணுக்கே தெரியும்.

உயிரொலிகளுக்குப் புள்ளியும் சிறு கோடும். கோட்டின் தொடக்கத்திலா, நடுவிலா, இறுதியிலா என்று வைக்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். அதை மனப்பாடம் செய்ய இரண்டு வாக்கியங்கள் உண்டு. ‘பா, மே வி ஆல் கோ டூ’ என்றால் ஆறு நெடில்கள். ‘தட் பென் இஸ் நாட் மச் குட்’ என்றால் ஆறு குறில்கள். ஷார்ட்ஹேண்ட் படித்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ர ஒலிக்கு மேல்நோக்கி ஒரு கோடு, கீழ்நோக்கி ஒரு கோடு. ‘கார்’ என்று முடிந்தால் கீழே, ‘கேரி’ என்று பின்னால் உயிர் வந்தால் மேலே. வேகத்தில் உயிர்க்குறிகளை விட்டுவிட்டாலும், கோடு போன திசையை வைத்தே பின்னால் உயிர் உண்டா இல்லையா என்று கண்டுபிடித்துவிடலாம். இவ்வளவு நுட்பமாக ஒரு மொழியின் ஒலியைக் கேட்ட மனிதர் இங்கிலாந்தின் ட்ரோபிரிட்ஜ் என்ற சிற்றூரில் 1813இல் பிறந்த ஒரு பள்ளி ஆசிரியர்.

பிட்மனின் சுருக்கெழுத்து நூல் 1837இல் வந்தது. அந்தக் காலகட்டத்தில்தான் ஸ்வீடன்போர்கின் புதிய சபை என்ற கிறிஸ்தவப் பிரிவில் சேர்ந்ததற்காக அவரை ஆசிரியர் வேலையிலிருந்து நீக்கினார்கள். பின்பு பாத் நகரில் சொந்தமாகப் பள்ளி வைத்தார். 1840இல் பிரிட்டனில் ஒரு பென்னிக்குத் தபால் அனுப்பும் முறை வந்ததும், மொத்தச் சுருக்கெழுத்தையும் ஒரே தாளில் அச்சிட்டு ஒரு பென்னிக்கு விற்றார். படிப்பவர்கள் பயிற்சியை எழுதித் தபாலில் அனுப்புவார்கள். இவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். இன்றைய அஞ்சல்வழிக் கல்வியின் முதல் வடிவங்களில் ஒன்று அது. பெரிய படிப்பு இல்லாத உழைப்பாளிகளும் எழுத்தைக் கையில் பிடிக்க வேண்டும் என்ற தவிப்பு அவரிடம் இருந்தது. அந்தத் தவிப்புதான் அவரை ஸ்பெல்லிங்கிடம் கொண்டுபோய் நிறுத்தியது. ஒலியை எழுதினால் போதும் என்ற சுகத்தை அறிந்த ஒருவருக்கு, குழந்தைகள் ஓ, யு, ஜி, ஹெச் என்ற நான்கு எழுத்துகளை ஒரு சொல்லில் ‘அஃப்’ என்றும் இன்னொன்றில் ‘ஓ’ என்றும் வேறொன்றில் ‘ஊ’ என்றும் படித்துத் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஆங்கிலம் இந்த நிலைக்கு எப்படி வந்தது என்பது தெரிந்த கதைதான். வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சு எழுத்துக்கூட்டலை மெல்ல உறைய வைத்த அதே காலத்தில் மக்களின் வாய் ஓடிக்கொண்டிருந்தது. ‘நாமெ’ என்ற சொல் ‘நேம்’ ஆயிற்று, ‘டீமெ’ என்ற சொல் ‘டைம்’ ஆயிற்று. ‘நைட்’ என்ற வீரனின் பெயரில் இன்று பேசாத கே, ஜி, ஹெச் எல்லாம் ஒரு காலத்தில் முழுக்க ஒலித்தவை. இன்றைய பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பக்கம் தொழில் பழகிய அச்சுக்காரர்கள் ‘கோஸ்ட்’ என்ற சொல்லுக்குள் தங்கள் ஊர் வழக்கப்படி ஒரு ஹெச்சைச் செருகினார்கள். லத்தீன் படித்தவர்கள் தங்கள் பங்குக்குக் கடன் என்ற பொருள்தரும் ‘டெட்’ என்ற சொல்லில் யாரும் ஒருபோதும் உச்சரிக்காத ஒரு பியை வைத்தார்கள். தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ என்ற சொல்லில் உள்ள எஸ், வேறொரு சொல்லோடு குழப்பிக்கொண்டதால் வந்தது. 16ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் ஸ்மித்தும் ஜான் ஹார்ட்டும் புதிய எழுத்துமுறைகளோடு நூல் எழுதினார்கள். 1582இல் ரிச்சர்ட் மல்காஸ்டர் என்ற பள்ளி ஆசிரியர், ஒலி மட்டும் போதாது, வழக்கத்துக்கும் இடம் உண்டு என்று வாதிட்டார். அன்று அவர் பக்கம்தான் காற்று அடித்தது.

பெஞ்சமின் பிராங்ளினின் முயற்சி கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய ஒன்று. 1768இல் லண்டனில் இருந்தபோது அவர் ஒரு புதிய நெடுங்கணக்கை உருவாக்கினார். சி, ஜே, கியூ, டபிள்யூ, எக்ஸ், ஒய் ஆறும் வெளியே. புதிதாக ஆறு எழுத்துகள் உள்ளே. அதை அவர் முதலில் பழக்கியது தான் குடியிருந்த வீட்டுக்காரியின் மகள் மேரி ஸ்டீவன்சனுக்கு. எல்லோரும் அவளைப் பாலி என்பார்கள். பாலி அந்தப் புதிய எழுத்திலேயே அவருக்கு ஒரு கடிதம் எழுதினாள். எழுத்தை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, அந்த எழுத்தைக்கொண்டே அவள் சொன்னது: இதில் சங்கடங்கள் நிறைய. சொற்களின் வேர் மறைந்துவிடும். ஒலி ஒன்றாகவும் பொருள் வேறாகவும் உள்ள சொற்களைப் பிரித்துக் காண முடியாது. இதுவரை எழுதிய புத்தகங்கள் எல்லாம் பயனற்றுப் போகும். பிராங்ளின் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் எழுதினார். பழைய புத்தகங்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கத்தான் செய்வார்கள் என்றார். இன்று கடினமாக இருப்பது தள்ளிப்போடப் போட இன்னும் கடினமாகும் என்றார். அடுத்த இரு நூற்றாண்டுகளில் இந்த விவாதத்தில் எவர் பேசினாலும், பெரும்பாலும் பாலி சொன்னதையோ பிராங்ளின் சொன்னதையோதான் திரும்பச் சொன்னார்கள். நான் பிராங்ளினின் பதில்களை மதிக்கிறேன். ஆனாலும் அந்தக் கடிதப் போக்குவரத்தில் கூர்மையான மூளை பாலியுடையது என்றே எனக்குப் படுகிறது.

பிட்மனுக்கு 1843இல் ஒரு துணை கிடைத்தது. அலெக்சாண்டர் ஜான் எலிஸ். பிறந்தபோது ஷார்ப் என்பது குடும்பப் பெயர். எலிஸ் என்று மாற்றிக்கொண்டால் சொத்து தருவதாக உறவினர் ஒருவர் நிபந்தனை வைத்ததால் மாறியது. அந்தச் சொத்து அவரைச் சம்பளத்துக்கு உழைக்கத் தேவையில்லாத அறிஞராக்கியது. கணிதம், இசை, ஒலியியல் என்று எதைத் தொட்டாலும் ஆழமாகப் போகிறவர். இருவரும் சேர்ந்து 1847இல் ஆங்கிலத்துக்கு ஒலிக்கு ஓர் எழுத்து என்ற அச்செழுத்துமுறையை முடித்தார்கள். 1849இல் எலிஸ் தன் பணத்தைப் போட்டு லண்டனில் ஒரு வாரப் பத்திரிகையையே அந்த எழுத்தில் நடத்தினார். ‘ஃபொனெடிக் நியூஸ்’ என்பது பெயர். பெயரைக்கூடக் கேட்டபடியே எழுதியிருந்தார். ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. பணமும் போயிற்று, உடல்நலமும் கெட்டது.

பிட்மன் தளரவில்லை. அவர் தம்பி பென் அமெரிக்காவுக்குப் போய்ச் சுருக்கெழுத்தைப் பரப்பினார். 1865இல் லிங்கன் கொலை வழக்கு விசாரணையைப் பதிவு செய்தவர் அவர்தான். அண்ணன் ஜேக்கப் ஆஸ்திரேலியா போனார். சிட்னி ரூக்வுட் கல்லறைத் தோட்டத்தில் ஜேக்கபின் கல்லறை வாசகம் ஒலிமுறை ஸ்பெல்லிங்கில் பொறிக்கப்பட்டிருக்கிறது. குடும்பமே அப்படி நம்பியது.

பிட்மனிடமிருந்து கிளைத்தவற்றில் விசித்திரமானது அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் முளைத்தது. மார்மன் சபை என்ற அமெரிக்க மதப்பிரிவில் சேர்ந்த ஆங்கிலேயர் ஜார்ஜ் வாட், பிட்மன் சுருக்கெழுத்து கற்றவர். சபைத் தலைவர்களின் பிரசங்கங்களைக் குறிப்பெடுப்பது அவர் வேலை. சபையின் தலைவர் பிரிகாம் யங் 1850களில் புதிய எழுத்துமுறை வேண்டும் என்று முடிவெடுத்தபோது, வாட்டின் கை அதில் முக்கியமாக இருந்தது. டெசரெட் எழுத்து என்று பெயர், 38 எழுத்துகள். ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் சுலபமாக ஆங்கிலம் படிக்க வேண்டும் என்பது ஒரு காரணம். 1868இலும் 1869இலும் பள்ளிப் பாடநூல்களும் வேதநூலும் அச்சாகின. அச்சைப் பார்த்தால் தோல்வியின் ஒரு காரணம் உடனே புரியும். எந்த எழுத்தும் மேலே நீளவில்லை, கீழே இறங்கவில்லை. எல்லாம் ஒரே உயரம். கண்ணுக்குப் பிடிமானமே இல்லை. வரி முழுக்க ஒரே பட்டையாகத் தெரிகிறது. எழுத்தை உருவாக்கியவர்கள் ஒலியை நன்றாகக் கேட்டார்கள். படிக்கிறவனின் கண்ணை யாரும் கேட்கவில்லை.

லண்டனில் இன்னொருவர் வேறு பக்கமிருந்து வந்தார். அலெக்சாண்டர் மெல்வில் பெல், பேச்சுப் பயிற்சி ஆசிரியர். அவருடைய ‘காணும் பேச்சு’ முறை 1867இல் நூலாக வந்தது. நாக்கும் உதடும் தொண்டையும் நிற்கும் நிலையே எழுத்தின் வடிவம். அதைச் சோதித்தவர்களில் ஒருவர் நம் எலிஸ். பெல்லின் மகன்களை வெளியே அனுப்பிவிட்டு, எலிஸ் விதவிதமான சொற்களை வேண்டுமென்றே தாறுமாறான உச்சரிப்பில் சொல்வார், தந்தை எழுதிக்கொள்வார். பையன்கள் உள்ளே வந்து தாளைப் பார்த்து அந்தத் தாறுமாறையும் பிசகாமல் திருப்பிச் சொன்னார்கள். எலிஸ் அசந்துபோய்ச் சாட்சி எழுதிக் கொடுத்தார். பின்னாளில் அந்த மகன்களில் ஒருவரான அலெக்சாண்டர் கிரகாம் பெல்லுக்கு, ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மின்சாரத்தால் இசைக்கவைகளை அதிரச் செய்து உயிரொலிகளை உண்டாக்கியதைப் பற்றிச் சொன்னதும் எலிஸ்தான். அதிலிருந்து பெல்லின் மனம் கம்பியில் பேச்சை அனுப்பும் திசைக்குத் திரும்பியது. தொலைபேசியின் கதையில் எலிஸின் பெயரை அதிகம் பேர் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

எலிஸ் புதுப்புது அச்சு வடிவங்களை வார்ப்பதைக் கைவிட்டு, எந்த அச்சகத்திலும் ஏற்கனவே இருக்கும் எழுத்துகளைக் கொண்டே நுட்பமான ஒலிகளைக் குறிக்க ஒரு முறை செய்தார். எழுத்து போதாத இடத்தில் இருப்பதையே தலைகீழாகச் செருகினார். அவருக்குப் பின்வந்த ஹென்றி ஸ்வீட் அதை எளிமையாக்கினார். 1886இல் பாரிஸில் பால் பாஸி என்ற ஆசிரியர் சில மொழியாசிரியர்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கியபோது, அவர்கள் எடுத்துக்கொண்டது ஸ்வீட்டின் முறையைத்தான். (பாஸியின் தந்தை பிரெடெரிக், 1901இல் முதல் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.) அந்தச் சங்கம்தான் பிறகு சர்வதேச ஒலியியல் சங்கம் ஆனது. இன்று பல நல்ல ஆங்கில அகராதிகளில் சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒலிக்குறிகள் அவர்களுடையவை. சங்கத்தின் இதழ் 1970 வரை முழுக்க ஒலியெழுத்திலேயே அச்சானது. பிட்மனில் தொடங்கி எலிஸ், ஸ்வீட், பாஸி என்று கோடு நேராகப் போகிறது.

அந்தச் சங்கத்தின் ஒலிக்குறி அட்டவணையில் தமிழருக்கு நெருக்கமான ஒரு மூலை இருக்கிறது. நாக்கை மேலே வளைத்துச் சொல்லும் ஒலிகளுக்கெல்லாம் வழக்கமான ரோமன் எழுத்தின் அடியில் வலப்பக்கம் ஒரு வால் வளைத்திருப்பார்கள். ட, ண, ள மூன்றும் அப்படித்தான். ழகரத்துக்கு ஆர் எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதற்கும் அந்த வாலை வைத்தார்கள். தொல்காப்பியத்தின் பிறப்பியல் ‘நுனிநா அணரி அண்ணம் வருட ரகார ழகாரம் ஆயிரண்டும் பிறக்கும்’ என்கிறது. ரகரத்தையும் ழகரத்தையும் ஒரே நூற்பாவில் வைத்தவர் தொல்காப்பியர். ரகரத்தின் வடிவிலிருந்து ழகரத்தை வரைந்தவர்கள் இவர்கள். காதைத் தீட்டிக் கேட்டால் எங்கிருந்து கேட்டாலும் இந்த உறவு பிடிபடும் போலிருக்கிறது. இந்திய இலக்கணிகளும் ஒலியியலாரும் இல்லாமல் 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில ஒலியியலை நினைத்துப் பார்ப்பதே கடினம் என்று எழுதிய ஆங்கிலேய மொழியியலாளர் ஜே.ஆர். பர்த், 1934இல் தமிழ் உச்சரிப்பைப் பற்றியும் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்.

எல்லா ஒலிகளையும் எழுத ஒரு முறை வந்துவிட்டதே, ஸ்பெல்லிங்கை இனி மாற்றிவிடலாம் அல்லவா? முயன்றார்கள். அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் ‘கலர்’ என்ற சொல்லிலிருந்து யு எழுத்தை எடுத்ததுபோல் சின்னச் சின்ன வெற்றிகள் கண்டிருந்தார். 1906இல் ஆண்ட்ரூ கார்னகியின் பணத்தில் ஸ்பெல்லிங்கை எளிமையாக்க ஒரு வாரியம் அமைந்தது. அவ்வருடம் ஆகஸ்டில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 300 சொற்களின் புதிய எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்தும்படி அரசு அச்சகத்துக்கு உத்தரவிட்டார். பத்திரிகைகள் கேலி செய்தன, உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, டிசம்பரில் நாடாளுமன்றம் தடுத்தது, அதிபர் பின்வாங்கினார். சிகாகோ ட்ரிப்யூன் 1934இல் தானாகவே சில சொற்களை மாற்றி அச்சிடத் தொடங்கி, 1975இல் பெரும்பாலும் கைவிட்டது.

பெர்னார்ட் ஷா தன் நாடகங்களைப் பிட்மன் சுருக்கெழுத்தில் எழுதியவர். 1950இல் இறக்கும்போது, குறைந்தது 40 எழுத்துகள் கொண்ட புதிய நெடுங்கணக்குக்குத் தன் பணத்தைச் செலவிடும்படி உயில் எழுதியிருந்தார். நீதிமன்றத்தில் அது செல்லவில்லை. கடைசியில் சமரசமாக 8,300 பவுண்டு கிடைத்தது. போட்டிக்கு 467 முறைகள் வந்தன. கிங்ஸ்லி ரீட் முடித்துக் கொடுத்த எழுத்தில் 1962இல் ஷாவின் ஒரு நாடகம் அச்சானது, ஒரு பக்கம் பழைய எழுத்து, எதிர்ப்பக்கம் புதியது. அழகான எழுத்து. பி என்ற அதிரா ஒலியைத் தலைகீழாகத் திருப்பினால் அதன் அதிரும் இணை வரும். பிட்மனின் மாணவர் ஒருவரின் பணத்தில் பிட்மனின் கொள்கை மறுபடி பிறந்த கதை இது. பொதுப் பயன்பாட்டுக்கு அது வரவேயில்லை. ‘ஜி, ஹெச், ஓ, டி, ஐ’ என்று எழுதி ‘ஃபிஷ்’ என்று படிக்கும் வேடிக்கையை ஷாவின் தலையில் எல்லோரும் கட்டுகிறார்கள். அது 1855இலேயே ஒரு கடிதத்தில் இருக்கிறது, ஷா பிறப்பதற்கு முந்தைய வருடம்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது ஐசக்கின் பேரன் ஜேம்ஸ் பிட்மனின் முயற்சி. அவர் பாத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இன்னோர் உறுப்பினரான மான்ட் பாலிக் கொண்டுவந்த ஸ்பெல்லிங் சீர்திருத்த மசோதா 1949இல் 84க்கு 87 என்று மூன்றே வாக்கில் தோற்றது. 1953இல் இரண்டாவது முறை 65க்கு 53 என்று ஒரு கட்டம் தாண்டியது. ஆராய்ச்சிக்கு அரசு குறுக்கே நிற்காது என்ற உறுதியைப் பெற்றுக்கொண்டு மசோதாவை விலக்கிக்கொண்டார்கள். அந்த ஆராய்ச்சிதான் 1961இல் பள்ளிகளுக்கு வந்த தொடக்கநிலை எழுத்து. ஆங்கிலத்தில் ஐ.டி.ஏ. என்பார்கள்.

ஜேம்ஸ் பிட்மன் தாத்தாவைவிட எச்சரிக்கையானவர். ஊரையே மாற்றச் சொல்லவில்லை. குழந்தைகள் முதல் இரண்டு மூன்று வருடம் இந்த 40க்கும் மேற்பட்ட எழுத்துகளில் படிக்கட்டும், பிறகு வழக்கமான ஆங்கிலத்துக்கு மாறட்டும் என்றார். மாறுவது சுலபமாக இருக்க அவர் பட்ட பாடு பெரிது. படிக்கும் கண் எழுத்தின் மேல்பாதியைத்தான் அதிகம் பற்றிக்கொள்கிறது என்பதால், முடிந்தவரை மேல்பாதி பழைய எழுத்தை ஒத்திருக்கும்படி வரைந்தார். ஒரே ஒலியானாலும் சி, கே இரண்டையும் வைத்துக்கொண்டார். பெரிய எழுத்துக்குத் தனி வடிவம் கிடையாது. சின்ன எழுத்தையே பெரிதாக அச்சிட்டால் போதும். தொடக்க முடிவுகள் நன்றாக இருந்தன. ஐந்து வயதுக் குழந்தைகள் யார் உதவியும் இல்லாமல் கதைப் புத்தகம் படித்தார்கள், மனதில் பட்டதைத் தயங்காமல் எழுதினார்கள். 1960களின் நடுவில் பிரிட்டனின் பெரும்பாலான கல்வி மாவட்டங்களில் ஏதாவது ஒரு பள்ளியிலாவது அது இருந்தது.

இடறியது மாறும் இடத்தில்தான். ஏழு வயதில் குழந்தை வேறு எழுத்துக்கு வர வேண்டும். முதலில் பெற்ற முன்னேற்றம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. குடும்பம் ஊர் மாறினால் அடுத்த பள்ளியில் அந்தப் புத்தகங்கள் இருக்காது. கடைப் பலகை, பேருந்து, பாட்டியின் கடிதம் எல்லாம் வேறு எழுத்தில். தெற்கு இங்கிலாந்தின் படித்தவர் உச்சரிப்புக்குப் பொருந்திய எழுத்து, வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் குழந்தையின் வாயோடு ஒட்டவில்லை. 1970களில் அது மெல்லத் தேய்ந்தது. என் ஸ்பெல்லிங்கை வாழ்நாள் முழுக்கக் கெடுத்துவிட்டது என்று அந்தப் பள்ளிகளில் படித்த சிலர் இன்றும் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தோடு செய்ததற்கு விலை கொடுத்தவர்கள் குழந்தைகள். அதனால்தான் இந்தத் தோல்வியை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நான் டிக்டேஷன் எடுத்த வருடங்களை இதோடு வைத்துப் பார்க்கிறேன். ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே குரலைக் கேட்டாலும், எங்கள் நோட்டுகளில் கோடுகள் ஒன்றுபோல் இருக்காது. அவரவர் காது, அவரவர் பழக்கம், அவரவர் சுருக்கம். ஒருவர் நோட்டை இன்னொருவர் படிப்பது கஷ்டம். ஆனால் தட்டச்சில் எடுத்துக்கொடுக்கும் தாள்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும். ஸ்பெல்லிங் பிழைக்கு மார்க் போகும். சுருக்கெழுத்தை எழுதியவரே படிக்கிறார், அதனால் ஒலி போதும். ஒலியியல் அறிஞரின் குறியும் அப்படியே: இன்னார், இன்ன ஊரில், இப்படிச் சொன்னார் என்ற பதிவு. தட்டச்சுத் தாளைப் படிக்கப்போவது நான் பார்த்தே இராத ஒருவர். அவர் என் வாயைக் கேட்டதில்லை. ஸ்பெல்லிங் அவருக்காக இருக்கிறது. பிட்மன் எழுதுகிறவனின் துன்பத்தைக் கண்டார். படிக்கிறவனின் வசதி அவர் கண்ணில் அந்த அளவுக்குப் படவில்லை.

அந்த வசதி சின்னதல்ல. ஆங்கிலத்தில் நேற்று நடந்ததைச் சொல்ல வினையின் பின்னால் ஈ, டி சேர்க்கிறோம். ‘ஜம்ப்’ என்ற சொல்லோடு அது ஒரு மாதிரி ஒலிக்கும், ‘கால்’ என்ற சொல்லோடு இன்னொரு மாதிரி, ‘வான்ட்’ என்ற சொல்லோடு மூன்றாவது மாதிரி. ஒலியை எழுதினால் மூன்று வடிவங்கள். இன்றைய எழுத்தில் ஒன்றே. கண் பட்ட உடனே இறந்தகாலம் என்று தெரிகிறது. ‘சைன்’ என்பதில் பேசாமல் கிடக்கும் ஜி, ‘சிக்னேச்சர்’ என்பதில் வாய் திறக்கிறது. ‘பாம்’ என்பதின் ஊமை பி, ‘பம்பார்ட்’ என்பதில் ஒலிக்கிறது. உறவுள்ள சொற்கள் உறவுள்ளவையாகத் தெரிகின்றன. பாலி 1768இல் சொன்னதும் இதுதான். இதற்காகக் கடன் என்ற சொல்லின் பியையும் தீவின் எஸ்ஸையும் நான் ஆதரிக்க மாட்டேன். அவை வெறும் சுமை. எடுத்துவிட்டால் யாருக்கும் நட்டமில்லை.

ஆங்கிலத்தைக் காதால் கற்காமல் கண்ணால் கற்ற கோடிக்கணக்கானவர்களில் நாமும் இருக்கிறோம். ‘வெட்னஸ்டே’ என்றும் ‘ப்ளம்பர்’ என்பதில் பியை அழுத்தியும் நம்மூரில் சொல்வது, எழுத்தை நம்பிப் படித்ததால். லண்டன் வாயை அளவுகோலாக வைத்து ஸ்பெல்லிங்கை மாற்றியிருந்தால், அது நமக்கும் நைஜீரியருக்கும் ஸ்காட்லாந்துக்காரருக்கும் இன்னொரு புதிய குழப்பமாகத்தான் வந்திருக்கும். தமிழில் பெரியார் 1935இல் குடி அரசு இதழில் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தம் 1978இல் அரசாணையாக 43 வருடம் ஆயிற்று. அதுவும் 13 எழுத்துகளின் வடிவம்தான். எந்தச் சொல்லின் எழுத்துக்கூட்டலும் மாறவில்லை. பழைய தும்பிக்கை வைத்த லை, னை எழுத்துகளில் அச்சான தாத்தா காலத்துப் புத்தகத்தை இன்றும் பேரன் திறந்து படித்துவிட முடிகிறது. ஆங்கிலத்தில் கேட்டது அதைவிடப் பல மடங்கு பெரியது.

எலிஸ் இதைத் தன் வழியில் போய்த் தெரிந்துகொண்டார். பத்திரிகை நின்றபின், பழைய ஆங்கிலம் எப்படி ஒலித்திருக்கும் என்று தேடத் தொடங்கி, 1869 முதல் 1889 வரை ஐந்து பெரிய பாகங்கள் எழுதினார். ஐந்தாவது பாகம் 800 பக்கங்களுக்கு மேல். அது முழுக்க அவர் காலத்து ஊர்ப் பேச்சுகள். ஒரே சிறு உரையை நாடெங்கும் அனுப்பி, உங்கள் ஊரில் இதை எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டார். பாதிரியார்களும் ஆசிரியர்களும் எழுதி அனுப்பினார்கள். தாமஸ் ஹாலம் என்ற ரயில்வே ஊழியர் ஊர் ஊராகப் போய், சந்தையிலும் ரயிலடியிலும் பேசுகிறவர்களின் ஒலியைக் குறித்துக்கொண்டு வந்து கொடுத்தார். முடிவில் இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதியையும் எலிஸ் 42 வட்டாரங்களாகப் பிரித்தார். நாட்டின் குறுக்கே பத்துக் கோடுகள் போட்டார். அவற்றில் முதல் இரண்டு, ‘சம்’ என்ற சாதாரணச் சொல்லுக்காக. தெற்கே அது ‘சம்’, வடக்கே ‘சும்’. ஆங்கிலத்துக்கு ஒலிக்கு ஓர் எழுத்து வேண்டும் என்று 29 வயதில் பிட்மனோடு சேர்ந்தவர், 75 வயதில் அந்த ஒரு சொல்லுக்கு எந்த எழுத்தை வைப்பது என்பதே ஊரைப் பொறுத்தது என்று வரைபடத்தில் காட்டிவிட்டு, அடுத்த வருடம் இறந்தார். இன்றும் மான்செஸ்டர்க்காரர் ‘சும்’ என்றுதான் சொல்கிறார், லண்டன்காரர் ‘சம்’ என்றுதான் சொல்கிறார், இருவரும் எஸ், ஓ, எம், ஈ என்று எழுதுகிறார்கள்.